தாளில் நிற்கும் திண்மம்: விவரணக் கேத்திரகணிதமும் கைவரைதலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பாடத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். குடிசார் பொறியியல் படித்தவள் என்றபடியால், பாலம், அணைக்கட்டு, நிலநடுக்கம் என்று ஏதாவது பெரிய விடயம் பேசுவேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நான் தெரிந்தெடுத்தது முதலாம் வருடத்துப் பாடமொன்று. பொறியியல் வரைதலும் விவரணக் கேத்திரகணிதமும். கையிலே பென்சிலும் ரீ மட்டமும் மூலைமட்டமும் கவராயமும் வைத்துக்கொண்டு, பெரிய தாளிலே கோடு போடும் பாடம்.

ஏன் இதை எடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியிலிருந்து கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றுப் பொறியியல் பீடங்களுக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் என்னோடு தொலைபேசியில் பேசுவார்கள். கணிதம் பிரச்சினையில்லை, பௌதிகவியல் பிரச்சினையில்லை, வரைதல்தான் விளங்கவில்லை என்பார்கள். அதோடு நிற்பதில்லை. "எனக்கு அந்தக் கண் இல்லைப் போலை அக்கா" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வசனந்தான் என்னை இன்றைக்கு இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அது சரியான வசனமல்ல என்பதைக் காட்டிவிட்டு, உரையின் முடிவில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் வைக்கப்போகிறேன்.

முதலில் இந்தப் பாடம் என்னவென்று சொல்கிறேன். நாங்கள் வாழும் உலகத்துக்கு மூன்று பரிமாணம். தாளுக்கு இரண்டு. வீடோ, இயந்திரமோ, தண்ணீர்த் தாங்கியோ, அதைச் செய்யப்போகிறவருக்குச் சொல்ல எங்களிடம் இருப்பது தாள்தான். ஆகவே ஒரு பொருளை நேர் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒன்று வரைகிறோம். அது கிடைப்படம். நேர் முன்னிருந்து பார்த்து ஒன்று. அது முகப்பு நிலைப்படம். பக்கத்திலிருந்து பார்த்து ஒன்று. அது பக்க நிலைப்படம். மூன்றையும் ஒன்றுக்கொன்று நேர்படுத்தி வைத்தால், அந்தப் பொருளின் எந்த மூலை எங்கே இருக்கிறது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம். தெரியும் விளிம்புக்குத் தடித்த கோடு, மறைந்த விளிம்புக்கு முறிகோடு, மையத்துக்குச் சங்கிலிக்கோடு. இதுதான் அரிச்சுவடி.

இவ்வளவுதானே என்று நினைக்கவேண்டாம். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். ஓர் அறை. நீளம் 12 அடி, அகலம் 9 அடி, உயரம் 8 அடி. நிலத்தின் ஒரு மூலையிலிருந்து, எதிர்மூலையின் கூரையோரம் வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டவேண்டும். கம்பி எவ்வளவு நீளம்? கிடைப்படத்தைப் பார்த்தால் 15 அடி தெரியும். முகப்பு நிலைப்படத்தில் ஏறக்குறைய 14 அடி 5 அங்குலம். பக்க நிலைப்படத்தில் 12 அடி சொச்சம். மூன்று படமும் மூன்று நீளம் சொல்கின்றன. மூன்றும் கம்பியின் உண்மையான நீளமல்ல. ஏனென்றால் கம்பி எந்தச் சுவருக்கும் சமாந்தரமாக இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது எங்களை விட்டுச் சாய்ந்தே நிற்கிறது. சாய்ந்து நிற்கும் பொருள் எப்போதும் குறுகியே தெரியும்.

விவரணக் கேத்திரகணிதம் என்ன செய்கிறது? கிடைப்படத்திலே அந்த 15 அடிக் கோட்டைக் கவராயத்தாற் பிடித்து, முன்சுவருக்குச் சமாந்தரமாக வரும்வரை சுழற்றுகிறது. அந்தக் கம்பியைக் கதவு மாதிரித் திருப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முன்னிருந்து பார்த்தால் அடி 15, உயரம் 8. சாய்வுக் கோட்டை அடிமட்டத்தால் அளந்தால் 17 அடி. அதுதான் உண்மை நீளம். வர்க்கமூலம் எடுக்கவில்லை, பெருக்கவில்லை. கூரையின் மூலைச் சலாகைக்கு மரம் வாங்கும் தச்சர் எவருக்கும் இந்த வித்தை கைவந்தது. கிடைப்படத்து நீளத்தை நம்பி மரம் வாங்கினால் சலாகை எட்டாது.

இந்தப் பாடத்தை ஒழுங்குபடுத்தித் தந்தவர் கஸ்பார் மொஞ்ச் என்ற பிரெஞ்சுக்காரர். 1746 இல் போன் என்ற ஊரில் ஒரு சிறு வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். மெசியேர் என்ற இடத்தில் இராணுவப் பொறியியலாளர்களுக்கான கல்லூரி இருந்தது. அங்கே அதிகாரியாகப் படிக்க உயர்குலத்தவராக இருக்கவேண்டும். மொஞ்சுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பட வரைவாளராக, கைவேலைக்காரர் பக்கத்திலே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கோட்டையை எப்படி அமைத்தால் எதிரியின் பார்வைக்கும் சூட்டுக்கும் உள்ளே இருப்பவர்கள் அகப்படமாட்டார்கள் என்பது அக்காலத்துப் பெரிய கேள்வி. நீண்ட எண்கணிதத்தாற் செய்துவந்த அந்த வேலையை மொஞ்ச் கோடுகளால் விரைவாகச் செய்து கொடுத்தார். இவ்வளவு கெதியாக முடிக்க முடியாது என்று சொல்லி, மேலதிகாரி முதலில் அதைப் பார்க்கவே மறுத்தாராம். பார்த்தபின் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முறை இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1795 இல், பாரிசில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பாடசாலையில்தான் மொஞ்ச் இதனைப் பகிரங்கமாகப் படிப்பித்தார். 1799 இல் அது நூலாக வந்தது. அவருடைய வழியிற் படித்த குளோட் குரோசே என்பவர் 1816 இல் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரிக்குப் போய் இதை அங்கே பரப்பினார்.

இதைச் சொல்வது வரலாற்றுக்காக மாத்திரமல்ல. இந்தப் பாடம் பிறந்ததே, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் கையிலேதான். இது இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று பிறப்பை வைத்துச் சொல்பவர்களுக்கு இந்தப் பாடத்தின் தொடக்கமே பதில் சொல்லிவிடுகிறது.

இனி நான் படித்த கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் உயர்தரம் படித்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. போத்தல் விளக்கில் கொஞ்ச மண்ணெண்ணெயை அளந்து விட்டுப் படித்த தலைமுறை. கிளாலிக் கடலேரியைப் படகிலே கடந்துதான் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் வரைதல் மண்டபத்துக்குள் விட்டார்கள். நீண்ட மண்டபம், வரிசை வரிசையாக வரைதற் பலகைகள். பிற்பகல் மூன்று மணித்தியாலம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தாள் முடித்துக் கொடுக்கவேண்டும்.

பையன்களிற் பலர் சாதாரண தரத்திலே தொழினுட்ப வரைதல் எடுத்து வந்திருந்தார்கள். 2எச் பென்சிலால் மெல்லிய கோடு, எச்பியால் தடித்த கோடு, பென்சில் முனையை மண்தாளில் எப்படித் தீட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இருக்கவில்லை. எங்களுக்கு மனைப்பொருளியலும் தையலும். ஆகவே நாங்கள் ரீ மட்டத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தது அந்த மண்டபத்திலேதான். தொடங்கி மூன்றாம் கிழமை, எங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டு போன ஒருவர், பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இரக்கப்பட்டுச் சொல்வதுதான் மனதில் ஆழமாகப் போய் இருந்துவிடும்.

நாங்கள் ஆறு பெண்கள். விடுதி அறையிலே கூடி இருந்து என்ன செய்தோமென்றால், வெட்டிப் பார்க்கத் தொடங்கினோம். சவர்க்காரக் கட்டியைக் கத்தியாற் செதுக்கி, கேள்வியிலுள்ள பொருளைச் செய்தோம். அதை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தோம். கூம்பின் வெட்டுமுகம் விளங்கவில்லையா, ஒரு கரட்டை எடுத்துக் கூம்பாகச் சீவு. குறுக்கே வெட்டினால் வட்டம். கொஞ்சம் சரித்து வெட்டினால் நீள்வளையம். கூம்பின் சாய்ந்த பக்கத்துக்குச் சமாந்தரமாக வெட்டினால் பரவளைவு. பார்த்துவிட்டுக் கரட்டைச் சாப்பிடலாம். சவர்க்காரத்தில் மிஞ்சியதைக்கொண்டு உடுப்புத் தோய்க்கலாம். ஒன்றும் வீண்போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த பாடம் விரியல். ஒரு திண்மத்தின் மேற்பரப்பைத் தாளிலே விரித்துப் போடுவது. ஜேர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525 இல் வெளியிட்ட நூலிலேயே திண்மங்களை இப்படி விரித்து வரைந்திருக்கிறார். தகரவேலை செய்பவர் புனல் செய்வதும் இதே கணக்குத்தான். 12 அங்குல ஆரையில் ஒரு வட்ட மட்டை. அதை மூன்று சம துண்டாக, 120 பாகை 120 பாகையாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுருட்டினால், வாய் விட்டம் 8 அங்குலமுள்ள மூன்று கூம்புத் தொப்பி கிடைக்கும். பிறந்தநாளுக்குத் தொப்பி செய்யும் அம்மாமார் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த கிழமை, சாய்வாக வெட்டப்பட்ட ஓர் உருளையை விரிக்கச் சொன்னார்கள். அடியிலுள்ள வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தை எடுத்து, பக்கத்திலே நேராக விரித்துக் குறித்து, புள்ளிகளை வளைவாக இணைக்கவேண்டும். நடுவிலே மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். கணிதத்தில் அதற்குப் பெயர் சைன் வளையி. நாங்கள் இணைத்து முடித்ததும், என் பக்கத்திலிருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள், "இது சட்டைக் கையெல்லோ?"

ஓம், அது சட்டைக் கைதான். சட்டையின் கை என்பது என்ன? ஓர் உருளை. தோளோடு பொருந்தும் இடத்திலே சாய்வாக வெட்டப்பட்ட உருளை. அதை அக்குளோரம் கிழித்து விரித்தால் நடுவிலே மேடும் இரு ஓரத்திலும் பள்ளமுமாக வரும். எட்டாம் வகுப்பிலே தையல் ரீச்சர் பழுப்புத் தாளிலே எங்களைக்கொண்டு வெட்டுவித்த அதே வளைவு. உடல் என்கிற திண்மத்தை அளவு நாடாவால் அளந்து, தட்டையான துணியிலே குறித்து, வெட்டி, திரும்பவும் திண்மமாக்குவது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் கேத்திரகணிதம் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்குச் சைன் வளையியை நாங்கள் வளைத்த விதத்தைப் பார்க்கப் பையன்கள் எழும்பி வந்தார்கள். எங்கள் தையல் ரீச்சர் இன்று உயிரோடில்லை. இருந்திருந்தால், நீங்கள் படிப்பித்தது விவரணக் கேத்திரகணிதம் என்று அவர் காலடியில் போய்ச் சொல்லியிருப்பேன்.

இது எங்கள் ஆறு பேரின் அனுபவம் மாத்திரம் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை இதையே முறையாக ஆராய்ந்திருக்கிறார். பொறியியலுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். ஒரு கட்டையின் படத்தைக் காட்டி, இதைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று கேட்கும் சோதனை. அதில் 60 வீதத்துக்குக் குறைவாகப் பெற்றவர்களிலே பெண்களின் பங்கு கூடுதலாக இருந்தது. பிறவிக் குறை என்று விட்டுவிடாமல், 1993 தொடக்கம் அவர்களுக்கென ஒரு சிறிய பாடத்தை நடத்தினார்கள். கட்டைகளைக் கையிலே பிடித்துப் பார்ப்பது, கையால் வரைவது, சுழற்றுவது, வெட்டுவது, விரிப்பது. ஏறக்குறைய நாங்கள் சவர்க்காரத்திலும் கரட்டிலும் செய்ததுதான். பாடத்தை முடித்தவர்களின் புள்ளி நன்றாக உயர்ந்தது. அதைவிட முக்கியமானது, அந்தப் பாடத்தைப் படித்த பெண்களில் பொறியியலை விட்டுவிடாமல் தொடர்ந்தவர்களின் வீதமும் கூடியது.

ஆகவே தங்கச்சிமாரே, அந்தக் கண் பிறக்கும்போது கூடப் பிறப்பதல்ல. கையைப் பழக்கினால் கண் பழகும். நீச்சல் தெரியாதவளைப் பார்த்து உனக்குத் தண்ணீர்க் குணம் இல்லை என்று நாங்கள் சொல்வதில்லையே. குளத்தில் இறக்கிப் பழக்குகிறோம். இதுவும் அப்படித்தான்.

இந்த நாட்டிலே எங்களுக்கு முன் நடந்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் என்று மதிக்கப்படுபவர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம் அவர்கள். 1960 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குள் நுழைந்து, 1964 இல் பட்டம் பெற்று, அரச சேவையிலே கட்டட அமைப்புப் பொறியியலாளராக உயர்ந்தவர். கண்டியிலே 1918 இல் பிறந்த மினெற் டி சில்வா, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அந்த இடத்தை அடைந்த முதல்வர் அவர். கண்டி வட்டபுலுவவில் வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, உங்கள் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டு வரைந்தவர் அவர்.

குடியிருக்கப் போகிறவர்களிடம் கேட்பது என்றதும் எனக்கு வன்னி நினைவு வருகிறது. யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், நான் சில வருடங்கள் அங்கே வீடமைப்பு வேலையிலே இருந்தேன். இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா. அது கட்டங் கட்டமாக வரும். வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்கவேண்டும். வீட்டுக்காரர் என்றால் பல குடும்பங்களில் ஒரு பெண், துணைக்கு ஆண் இல்லாத பெண். கையிலே ஒரு வரைபடத்தின் பிரதியைக் கொடுத்திருப்பார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்திருப்பார். வாசிக்கத் தெரியாது. தமிழ் வாசிப்பார், கோடு வாசிக்கத் தெரியாது.

நாங்கள் என்ன செய்தோமென்றால், பிற்பகலிலே பத்துப் பதினைந்து பெண்களைக் கூட்டி, வரைபடத்தை நிலத்திலே கயிறும் முளையும் கொண்டு உண்மை அளவில் வரைந்து காட்டினோம். இது வாசல், இது அறை, இது சமையலறை, உள்ளே நடந்து பாருங்கள் என்போம். பிறகு அந்தத் தாளைக் கையிலே கொடுத்து, இப்போது நீங்கள் நிற்கும் இடம் தாளில் எது என்று கேட்போம். இரண்டு பிற்பகல் போதும், வாசித்துவிடுவார்கள்.

அப்படிப் பழகிய ஒரு தாய், அத்திவாரம் வெட்டக் கயிறு கட்டிய அன்றைக்குத் தன்னுடைய அளவு நாடாவோடு வந்து மேசனை நிறுத்தினார். படத்திலே அறையின் உள்ளளவு 10 அடிக்கு 10 அடி. மேசன் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு 10 அடி கட்டியிருந்தார். 6 அங்குலக் கல்லு இரண்டு பக்கமும் வைத்தால் உள்ளே 9 அடிதான். "இந்த அம்புக்குறி சுவருக்கு உள்ளுக்கல்லோ தொட்டுக்கொண்டு நிக்குது தம்பி" என்றார். 10 தர 10 நூறு. 9 தர 9 எண்பத்தொன்று. பத்தொன்பது சதுர அடி, பிள்ளைகள் இரண்டு பேர் பாய் விரித்துப் படுக்கும் இடம். கயிற்றை மாற்றிக் கட்ட ஐந்து நிமிடமும் செல்லவில்லை. சுவர் எழும்பியிருந்தால் ஐந்து வருடம் சென்றாலும் திருத்தியிருக்க முடியாது. அந்தத் தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வரைபடம் வாசிப்பது பொறியியலாளருக்கு மாத்திரம் வேண்டிய அறிவல்ல என்று எனக்குக் கற்பித்தவரும் அவர்தான்.

இப்போது கணினி எல்லாம் வரைகிறதே, கையால் வரைவது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் தினமும் கணினியிலேதான் வரைகிறேன். ஒரு வீட்டை ஒரு தடவை உள்ளிட்டால், எந்தப் பக்கமிருந்தும் அது காட்டும், நீளமும் பரப்பும் கணித்துச் சொல்லும். கையால் ஒரு கிழமை செய்த வேலையை ஒரு நாளிலே செய்யலாம். அதை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் இரண்டு விடயம். ஒன்று, கணினி காட்டுவதைச் சரிபார்க்க மனதிலே ஒரு படம் இருக்கவேண்டும். அந்தப் படத்தை மனதிலே கட்டுவது கை. சதுரத்தைச் சரித்து வரைந்து, அழித்து, திரும்ப வரையும்போதுதான் அது ஏன் சரிகிறது என்று மூளைக்கு எட்டுகிறது. இரண்டு, வேலைத்தளத்திலே வெயிலுக்குள் நிற்கும் மேசனுக்கு ஒரு மூட்டைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமானால், சீமெந்துப் பையின் தாளைக் கிழித்து, காதிலே செருகிய பென்சிலை வாங்கி, சமவளவுப் படமொன்று கீறிக் காட்டுவதைவிடக் கெதியான வழி இன்றுவரை இல்லை. கிடைக்கோட்டோடு 30 பாகையிலே இரண்டு பக்கமும் கோடு, நிமிர்ந்து ஒரு கோடு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822 இல் எழுதி வைத்த முறை அது. தன் மாதிரி இயந்திரங்களைக் கழற்றித் திரும்பப் பூட்ட உதவியாளருக்குப் படம் தேவைப்பட்டதாலே அவர் அதைக் கையாண்டார். இன்றைக்கும் அதே தேவைக்குத்தான் நானும் கையாள்கிறேன்.

இனி என் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியிலே ஒரு பகுதியை என்ன செய்வதென்று சங்கம் ஆலோசிப்பதாக அறிகிறேன். கணினிக் கூடம் பற்றிப் பேச்சு வருகிறது. நல்லது, அது வரட்டும். அதோடு கூட ஒரு வரைதல் அறையும் கேட்கிறேன். இருபது வரைதற் பலகை. எங்களூர்த் தச்சரே செய்து தருவார். இருபது ரீ மட்டம், மூலைமட்டச் சோடி, கவராயம். மரத்திலே கடைந்த கூம்பு, உருளை, அரியம், கூம்பகம் ஒவ்வொரு தொகுதி. இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருளுக்கு வருடச் சந்தா வேண்டாம். இருபது வருடத்துக்குப் பழுதாகாது.

உயர்தரப் பரீட்சை எழுதியபின் பல்கலைக்கழகம் திறக்கும்வரை எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கிற் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலே பத்துச் சனிக்கிழமை போதும். முதல் இரண்டு கிழமை அடிமட்டம் இல்லாமல் கைவரைதல். பின்னர் இரண்டு கிழமை மூன்று தோற்றம். ஒரு கிழமை சமவளவுப் படம். ஒரு கிழமை உண்மை நீளம். ஒரு கிழமை வெட்டுமுகம். அதற்குக் கரட் நான் வாங்கித் தருகிறேன். ஒரு கிழமை விரியல். அதை எங்கள் தையல் ஆசிரியை வந்து நடத்தவேண்டும். ஒன்பதாம் கிழமை ஒரு வீட்டு வரைபடத்தை வாசித்தல். இந்த வகுப்புக்குப் பொறியியல் படிக்காத பிள்ளைகளும், வீடு கட்டப்போகும் அம்மாமாரும் வரலாம். பத்தாம் கிழமை அளவு நாடாவோடு எங்கள் பிரதான மண்டபத்துக்குப் போய், அளந்து, ஐம்பதுக்கு ஒன்று அளவிடையில் வரைந்து, நூலகத்திலே வைப்போம். வருடாவருடம் ஒரு கட்டடம். கட்டடங்கள் அழிந்ததை நாங்கள் கண்ணாற் கண்டவர்கள். படம் இருந்தால் திரும்பக் கட்டலாம்.

படிப்பிக்க ஆள் வேண்டுமென்றால் எங்களிலேயே இருக்கிறார்கள். பொறியியலாளர், கட்டடக்கலைஞர், நில அளவையாளர், பட வரைஞர் என்று ஓய்வுபெற்ற அக்காமார் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர்! லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நீங்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். காசு தருவதை விட அது பெரிது. காசும் தந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டோம். முதல் இரண்டு தொகுதிகளின் வகுப்பை நடத்தும் பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று இந்தச் சபையிலே சொல்லிவைக்கிறேன்.

முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி தருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு திண்மம். நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம். நேர் முன்னிருந்து பார்த்தால் சதுரம். நேர் பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். அது என்ன? விடையைக் கைத்தொலைபேசியிலே தேடவேண்டாம். ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, விட்டமும் உயரமும் ஒரே அளவாக ஓர் உருளை சீவுங்கள். அதன் மேல்வட்டத்திலே ஒரு விட்டத்தைக் கீறுங்கள். அதற்குப் பிறகு கத்தியை இரண்டு தரம் சரித்துப் போட்டால் போதும். எந்தப் பக்கம் சரிப்பது என்பதை உங்கள் கையிடம் விட்டுவிடுகிறேன். வெட்டி எடுத்ததும் மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்து, மூன்று படத்தையும் ஒரு தாளிலே வரையுங்கள். அந்தத் தாளைக் கொண்டுவருபவர்களுக்கு முதலாவது சனிக்கிழமை வகுப்பிலே முன்வரிசைப் பலகை.